நீர்ப்பகுப்பு செல்லில் கோளாறா? கடலோர ஆய்வகத்துக்கான அறிகுறி வழிகாட்டி

மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று நம் ராமநாதபுரம் கரையோரத்தில் இருந்துகொண்டு, நீரை மின்சாரத்தால் பிரித்துப் பசுமை ஹைட்ரஜன் எடுக்க அந்த வினையை எளிதாக்கும் மின்வினையூக்கி தேடும் முனைவர் பட்ட மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். திரும்பத் திரும்ப வருவது ஒரே வகைக் கோளாறுகள்தான். "வினையூக்கி சரியில்லை" என்று கொண்டுவரும் செல்லைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் குறை கிளிப்பில் இருக்கும், அல்லது ரெஃபரன்ஸில் (மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க உதவும் எலக்ட்ரோடில்), தண்ணீரில் இருக்கும். புதிதாக இன்னொரு மாதிரி தயாரிக்க உட்காரும் முன் கீழே உள்ளதை வரிசையாகப் பார்த்துவிடுங்கள். காசில்லாத சோதனை முதலில், செலவு வைப்பது கடைசியில்.

உங்களிடம் இருப்பதாக நான் எடுத்துக்கொள்வது: மின்னழுத்தம் கொடுத்து மின்னோட்டத்தை அளக்கும் கருவியான பொட்டென்ஷியோஸ்டாட், மூன்று எலக்ட்ரோடு செல், 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு (கேஓஎச்), வொர்க்கிங் எலக்ட்ரோடாக நிக்கல் ஃபோமில் (பஞ்சு போலத் துளைகள் உள்ள நிக்கல்) பூசிய வினையூக்கி, மெர்க்குரி–மெர்க்குரி ஆக்சைடு ரெஃபரன்ஸ், மின்சுற்றை முடிக்கும் கவுண்டராக கிராஃபைட் தண்டு. கீழே 'வளைவு' என்பது மின்னழுத்தத்துக்கு எதிராக மின்னோட்டத்தை வரைந்த கோடு. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது, அடுத்த வாரம் அதே கோளாறு திரும்பி வரும்.

## அறிகுறி 1: கருவி 'ஓவர்லோட்' காட்டுகிறது, அல்லது மின்னோட்டமே இல்லை

முதலில் கிளிப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். முதலை கிளிப்பின் பற்களுக்கு நடுவே பச்சைக் களிம்பு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. உப்புக் காற்றும் கேஓஎச் தெறிப்பும் சேர்ந்தால் செம்பு கிளிப் சீக்கிரமே இந்த நிலைக்கு வந்துவிடும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, அயனி நீக்கிய நீரில் அலசி, துடைத்துக் காய வைத்து மாட்டுங்கள். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தங்க முலாம் பூசிய கிளிப் கிடைத்தால் வாங்கலாம், விலைக்குத் தகும்.

அடுத்து ரெஃபரன்ஸ். நுனியில் உள்ள நுண்துளை அடைப்புக்கு மேல் காற்றுக் குமிழி உட்கார்ந்திருக்கும். விரலால் மெதுவாகச் சுண்டினால் மேலே ஏறிவிடும். உள்ளே இருக்கும் கரைசல் மட்டம் செல்லில் இருக்கும் மட்டத்தைவிடச் சற்று உயரமாக இருக்க வேண்டும். லக்கின் குழாய் (ரெஃபரன்ஸை எலக்ட்ரோடுக்கு அருகே இணைக்கும் மெல்லிய குழாய்) இருந்தால் அதற்குள்ளும் குமிழி இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் ஓவர்லோட் போகவில்லை என்றால் செல்லை ஓரமாக வைத்துவிட்டு, 1 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றை எடுங்கள். ஒரு முனையில் வொர்க்கிங் வயரையும் (மின்னழுத்தத்தை உணரும்) சென்ஸ் வயரையும், மறுமுனையில் ரெஃபரன்ஸையும் கவுண்டரையும் மாட்டி 1 வோல்ட் கொடுங்கள். 1 மில்லிஆம்பியர் வர வேண்டும். வந்தால் கருவி நலம், கோளாறு செல்லில். வரவில்லை என்றால் கேபிளை மாற்றி ஒரு முறை பாருங்கள். அப்போதும் வராவிட்டால் சர்வீஸ் எஞ்சினியரைக் கூப்பிடும் நேரம் அதுதான். பொட்டென்ஷியோஸ்டாட்டின் மூடியை நீங்களே கழற்ற வேண்டாம்.

## அறிகுறி 2: வளைவு ஆடுகிறது

ஆட்டத்தில் மூன்று வகை உண்டு. எந்த வகை என்று முதலில் பிரித்துக்கொண்டால் வேலை சுருக்கமாக முடியும்.

### அதிக மின்னோட்டத்தில் மட்டும் ரம்பப் பல் போல ஏறி இறங்கினால்

குமிழி. எலக்ட்ரோடின் மேல் வளர்ந்து, உடைந்து, மறுபடி வளர்கிறது. காந்தக் கலக்கியின் வேகத்தைக் கூட்டுங்கள், எலக்ட்ரோடைச் செங்குத்தாக நிறுத்துங்கள், ரெஃபரன்ஸ் நுனியைக் குமிழி ஏறும் பாதையிலிருந்து விலக்குங்கள். பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும்.

### குறைந்த மின்னோட்டத்திலும் சீராக மயிர்மயிராக இருந்தால்

50 ஹெர்ட்ஸ் மின்கம்பி இரைச்சல். கலக்கியை நிறுத்திப் பாருங்கள், அப்புறம் ஏசி, அப்புறம் பக்கத்து மேசையின் சூடேற்றி. எதை நிறுத்தும்போது வளைவு தெளிகிறதோ அதை வேறு பிளக் வரிசைக்கு மாற்றுங்கள். செல்லைச் சுற்றி அலுமினியத் தாள் ஒட்டிய பெட்டியைக் கவிழ்த்து, அந்தப் பெட்டியைக் கருவியின் கிரவுண்டில் இணைத்தால் நல்ல மாற்றம் தெரியும்.

எதை நிறுத்தியும் அடங்காவிட்டால் எர்த்திங் மேல் சந்தேகப்படுங்கள். நம் கரையோர மணல் கோடையில் காய்ந்தால் மின்சாரத்தைச் சரியாக உள்வாங்காது. ஈரமான உப்பு மண்ணிலோ எர்த் தகடே அரித்துப்போகும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று எலக்ட்ரீசியனை விட்டு அளக்கச் சொல்லுங்கள், நீங்கள் சாக்கெட்டில் கை வைக்க வேண்டாம். 2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் குழியைப் பார்க்கச் சொல்வது என் வழக்கம்.

### ஐஆர் திருத்தம் போட்டவுடன் தாளம் தவறாமல் அலைபாய்ந்தால்

ஐஆர் திருத்தம் என்பது கரைசலின் தடையில் வீணாகும் மின்னழுத்தத்தை ஈடுகட்டுவது. அது அளவு மீறிவிட்டது. 85 சதவீதத்துக்கு இறக்குங்கள். 100 சதவீதம் போட்ட வளைவை நான் நம்புவதில்லை. மீதியைக் கணக்கில் கழிக்கலாம், ஆனால் எத்தனை சதவீதம், எத்தனை ஓம் என்று ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள்.

## அறிகுறி 3: போன வாரம் வந்த எண் இன்று வரவில்லை

இரண்டு வளைவுகளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். வடிவம் மாறாமல் மொத்தமாகப் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறதா, அல்லது ஆரம்பம் அதே இடத்தில் இருந்து, மேலே போகப் போகச் சாய்ந்துகொண்டே போகிறதா?

### மொத்தமாக நகர்ந்திருந்தால்

ரெஃபரன்ஸ்தான். எந்த ஆய்வகத்திலும் ஒரு ரெஃபரன்ஸை சோதனைக்கே எடுக்காமல், ஒப்பிட மட்டும் தனியாக வைத்திருக்க வேண்டும். அதையும் உங்களுடையதையும் ஒரே கரைசலில் முக்கி மல்டிமீட்டரில் பாருங்கள். 5 மில்லிவோல்ட்டுக்குமேல் வித்தியாசம் வந்தால் உள்கரைசலை மாற்றுங்கள். அப்படியும் இறங்காவிட்டால் ரெஃபரன்ஸையே மாற்ற வேண்டியதுதான்.

வெள்ளி–வெள்ளி குளோரைடு ரெஃபரன்ஸைக் காரத்தில் போட்டிருந்தால் அதிகம் தேட வேண்டாம். காரம் உள்ளே கசிந்து அது நகர்ந்துகொண்டேதான் இருக்கும். அமிலத்துக்கும் நடுநிலைக் கரைசலுக்கும் அதை வைத்துக்கொண்டு, காரத்துக்கு மெர்க்குரி ஆக்சைடு வகைக்கு மாறிவிடுங்கள்.

அப்புறம் கேஓஎச். கடலோர ஈரக்காற்றில் டப்பாவைத் திறந்து எடை போட்டு முடிப்பதற்குள் வில்லைகள் வியர்க்க ஆரம்பிக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கொஞ்சம் கார்பனேட்டாகவும் மாறும். சாதாரண வில்லைகளில் கேஓஎச் சுமார் 85 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் தண்ணீர். அதனால் ஒரு லிட்டர் 1 மோலார் கரைசலுக்கு 56 கிராம் போதாது, 66 கிராம் வேண்டும். எடையை நம்பாமல் அமிலத்தால் டைட்ரேட் செய்யுங்கள். முதலில் ஃபீனால்ஃப்தலீன், அடுத்து மெத்தில் ஆரஞ்சு. இரண்டு முடிவுப்புள்ளிகளுக்கும் உள்ள இடைவெளி எத்தனை கார்பனேட் சேர்ந்திருக்கிறது என்று காட்டிவிடும்.

ரெஃபரன்ஸில் அளந்ததை ஆர்எச்இ அளவுக்கு (அதே கரைசலில் உள்ள ஹைட்ரஜன் எலக்ட்ரோடைச் சுழியாகக் கொள்வது) மாற்றும் கணக்கில், பிஎச் ஒன்று மாறினால் 59 மில்லிவோல்ட் மாறும். 14 என்று போடுவதா, 13.8 என்று போடுவதா என்ற சின்னக் குழப்பமே 12 மில்லிவோல்ட். இத்தனை காரத்தில் பிஎச் மீட்டரும் சரியாகச் சொல்லாது. ஆகவே கணக்குப் போட்டு ஆர்எச்இ அளவுக்கு மாற்றுவதைவிட நேரடியாக அளந்துவிடுவது நல்லது. அதே கரைசலில் ஹைட்ரஜனை நன்றாகக் குமிழவிட்டு, வொர்க்கிங்காகச் சுத்தமான பிளாட்டினக் கம்பியைப் போட்டு, நொடிக்கு 1 மில்லிவோல்ட் வேகத்தில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். மின்னோட்டம் சுழியைக் கடக்கும் இரண்டு இடங்களின் சராசரிதான் உங்கள் திருத்த எண். ரெஃபரன்ஸுக்குள்ளும் செல்லிலும் ஒரே கேஓஎச் என்றால், 25 டிகிரியில் அது 0.926 வோல்ட்டை ஒட்டி எதிர்க்குறியுடன் வரும். வெகுவாக விலகினால் ரெஃபரன்ஸ் போய்விட்டது.

வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வுக் கட்டுரைகளில் வரும் எண்கள் பெரும்பாலும் 25 டிகிரிக்கு உரியவை. சித்திரையில் நம் அறை அங்கே நிற்காது. செல்லை நீர்த்தொட்டியில் நிறுத்துங்கள்.

### மேலே போகப் போகச் சாய்ந்தால்

எங்கோ தடை கூடியிருக்கிறது. 2 ஓம் தடை இருந்தால் 100 மில்லிஆம்பியரில் 200 மில்லிவோல்ட் அங்கேயே போய்விடும். மறுபடியும் கிளிப்பைப் பாருங்கள். பிறகு ஃபோமும் கிளிப்பும் தொடும் இடம், பிறகு ரெஃபரன்ஸ் தள்ளிப் போயிருக்கிறதா என்பது. கடைசியாகச் செல்லின் அடியைப் பாருங்கள். அங்கே கரித்தூள் போலப் படிந்திருந்தால் வினையூக்கி உதிர்ந்திருக்கிறது. நாஃபியான் (ஒட்டவைக்கும் பாலிமர்) கலந்த வினையூக்கி மை ஈரப்பதம் மிகுந்த நாட்களில் மேலே காய்ந்த மாதிரி தெரிந்து உள்ளே ஈரமாகவே இருக்கும், அதுதான் முதலில் உரிந்துவிழும்.

## அறிகுறி 4: எதிர்பார்த்ததைவிட நன்றாக வருகிறது

இதைக் கோளாறாக யாரும் கொண்டுவருவதில்லை. நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இங்கேதான், ஏனென்றால் மற்றக் கோளாறுகள் உங்கள் நாளைக் கெடுக்கும், இது ஆய்வேட்டைக் கெடுக்கும்.

### ஹைட்ரஜன் பக்கம் ஓட ஓட மேம்பட்டால்

கவுண்டரில் பிளாட்டினம் இருக்கிறதா? அது சிறுகச் சிறுகக் கரைந்து வந்து உங்கள் வினையூக்கியின் மேல் படியும். அப்புறம் நீங்கள் அளப்பது பிளாட்டினத்தை. கிராஃபைட் தண்டுக்கு மாற்றி, புதிய மாதிரியில் மறுபடி ஓட்டுங்கள். மேம்பாடு காணாமல் போனால் விடை கிடைத்துவிட்டது.

### ஆக்சிஜன் பக்கம் ஓட ஓட மேம்பட்டால்

இரும்பு. கடையில் வாங்கும் கேஓஎச்சில் சுவடாக இருக்கும் இரும்பே நிக்கல் ஹைட்ராக்சைடுக்குள் புகுந்து அதன் செயலைப் பல மடங்கு கூட்டிவிடும். இதை ஆய்வாளர் காரிகன் 1987-லேயே காட்டினார். அமெரிக்காவின் ஆரெகன் பல்கலைக்கழகத்தில் போட்சரின் குழு 2014-ல், இரும்பை நீக்கினால் நிக்கலின் செயல் எவ்வளவு விழுகிறது என்று தெளிவாக்கியது. எளிய சோதனை: வெறும் நிக்கல் ஃபோமை, எதுவும் பூசாமல், அதே கரைசலில் அதே நேரம் ஓட்டுங்கள். அதுவும் மேம்பட்டால் பெருமை கரைசலுடையது. இரும்பில்லாத நிக்கல் ஹைட்ராக்சைடைக் கேஓஎச்சில் போட்டுக் குலுக்கி, படியவிட்டு, தெளிந்ததை மட்டும் எடுத்தால் இரும்பு நீங்கும். அதைப் பிளாஸ்டிக் பாட்டிலில் வையுங்கள். செல்லும் டெஃப்லானாக இருந்தால் நல்லது, கண்ணாடியைக் காரம் அரித்துக் கரைசலில் கலந்துவிடும்.

### பரப்பு கூடியிருந்தால்

1 சதுர சென்டிமீட்டர் முக்கினேன் என்பீர்கள். நிக்கல் ஃபோம் திரியைப் போலக் கரைசலை மேலே உறிஞ்சும், கொஞ்ச நேரத்தில் கிளிப் வரை ஈரம் ஏறிவிடும். பரப்பு கூடுவது ஒரு பக்கம் இருக்க, செம்பு கிளிப்பும் கரைந்து உள்ளே வரும். முக்கும் கோட்டுக்குமேல் ஃபோமைத் தட்டையாக அழுத்தி எபாக்சி பூசி அடைத்துவிடுங்கள். ஓட்டி முடித்ததும் மேல்முனையைத் திசுத்தாளால் தொட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டக் கூடாது.

### தொடக்கம் மிகக் குறைவாகத் தெரிந்தால்

1.35 முதல் 1.45 வோல்ட் வரை எழும் மேடு நிக்கல் தானே ஆக்சிஜனேற்றம் அடைவது. ஆக்சிஜன் இன்னும் வரவில்லை. வினையூக்கிகளை ஒப்பிடப் பயன்படும் 10 மில்லிஆம்பியர் அந்த மேட்டிலேயே எட்டிவிட்டால் அந்த எண்ணை எழுத முடியாது. திரும்பி வரும் ஓட்டத்தில் படியுங்கள்.

### ஃபாரடே திறன் 100-ஐத் தாண்டினால்

செலுத்திய மின்னூட்டத்தில் எத்தனை சதவீதம் வாயுவாக மாறியது என்பதே ஃபாரடே திறன், ஆகவே வாயுக் கணக்கைச் சரிபாருங்கள். 100 மில்லிஆம்பியரை ஒரு மணிநேரம் ஓட்டினால் 360 கூலோம், அது 1.87 மில்லிமோல் ஹைட்ரஜன். 22.4 லிட்டர் கணக்கில் பெருக்கினால் 41.8 மில்லிலிட்டர் வரும். ஆனால் 30 டிகிரி அறையில், நீரை இடம்பெயர்த்துப் பிடித்த வாயுவில் நீராவியும் கலந்திருக்கும், கன அளவு 48.4 மில்லிலிட்டர் காட்டும். இந்த வித்தியாசத்தாலேயே 116 சதவீதம் என்று எழுதிக் கொண்டுவருகிறார்கள்.

### இத்தனையும் பார்த்தபின்னும் நன்றாகவே வந்தால்

மகிழ்ச்சி. இப்போது காசு செலவழிக்கலாம். கரைசலையும் ஓட்டி முடித்த எலக்ட்ரோடையும் இரும்பு, பிளாட்டினம், செம்பு மூன்றுக்கும் ஐசிபி சோதனைக்கு (உலோகச் சுவடுகளை அளப்பது) அனுப்புங்கள். நமக்குப் பக்கத்தில் காரைக்குடி சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், இருக்கிறது. வழிகாட்டியிடம் கேட்டுக் கடிதம் வாங்கி அனுப்புங்கள்.

## அறிகுறி 5: கடல்நீர் சேர்த்ததும் கேத்தோடில் வெள்ளையாகப் படிகிறது

ஒன்பது லிட்டர் தூய நீர் இருந்தால்தான் ஒரு கிலோ ஹைட்ரஜன். குடிநீருக்குக் காவிரிக் கூட்டுத் திட்டத்தை எதிர்பார்க்கும் நம் மாவட்டத்தில் கடல்நீரைப் பயன்படுத்தும் ஆய்வு முக்கியமானது, அதனால் இந்தக் கோளாறை விட்டுவிட்டுப் போக முடியாது.

படிவது மெக்னீசியம் ஹைட்ராக்சைடும் கால்சிய உப்புகளும். ஒரு லிட்டர் கடல்நீரில் மெக்னீசியம் சுமார் 1.3 கிராம், கால்சியம் 0.4 கிராம் இருக்கும். கடல்நீரை நேராகச் செல்லில் ஊற்றாதீர்கள். தனிப் பாத்திரத்தில் கேஓஎச் சேர்த்து, ஒரு இரவு படியவிட்டு, தெளிந்ததை வடிகட்டி எடுங்கள். மெக்னீசியமே லிட்டருக்கு 0.1 மோல் அளவுக்குக் காரத்தை எடுத்துக்கொள்ளும், ஆக 1 மோலார் என்று கலந்தது 0.9-க்கு இறங்கியிருக்கும். வடிகட்டியபின் டைட்ரேட் செய்து ஈடுகட்டுங்கள். இதை விட்டுவிட்டு "கடல்நீரில் செயல் குறைகிறது" என்று முடிவுகட்டுவது வினையூக்கிக்குச் செய்யும் அநியாயம்.

வடிகட்டியபின்னும் படிந்தால் நீர் எங்கே எடுத்தது என்று பாருங்கள். வாலிநோக்கம் பக்கம் உப்பளங்களிலிருந்து வெளியேறும் கசப்பு நீரில் மெக்னீசியம் மிக அதிகம், அந்த வாய்க்கால் சேரும் இடத்தில் எடுக்க வேண்டாம். வாடைக்காலத்தில் வடகடல் (பாக் விரிகுடா) கலங்கிக் கிடக்கும், தென்றல் பக்கக் காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கலங்கும். மண்டபத்தில் இரண்டு கடலும் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் தெளிந்த பக்கம் போய் எடுக்கலாம். எந்தக் கடல், எந்தத் தேதி என்று பாட்டிலிலேயே எழுதுங்கள்.

ஏற்கனவே படிந்த எலக்ட்ரோடை நீர்த்த அமிலத்தில் முக்கினால் வெள்ளை போகும். சில வினையூக்கிகளும் சேர்ந்து போகும். ஒரு ஓரத்தை வெட்டிச் சோதித்துவிட்டுச் செய்யுங்கள்.

## அறிகுறி 6: பிளீச்சிங் பவுடர் வாடை

ஓட்டத்தை உடனே நிறுத்தி, புகைபோக்கியைப் போடுங்கள். ஆனோடில் ஆக்சிஜனுக்குப் பதில் ஹைப்போகுளோரைட் உருவாகிறது. காரக் கரைசலில் ஆக்சிஜனுக்கும் அதற்கும் இடையே சுமார் 480 மில்லிவோல்ட் இடைவெளி உண்டு. ஆர்எச்இ அளவில் 1.72 வோல்ட்டைத் தாண்டாமல் இருந்தால் ஹைப்போகுளோரைட் உருவாக வாய்ப்பில்லை. நீங்கள் எந்த மின்னழுத்தத்தில் ஓட்டினீர்கள், காரம் தேய்ந்து பிஎச் இறங்கிவிட்டதா, இந்த இரண்டையும் பாருங்கள்.

உறுதிசெய்ய, சில மில்லிலிட்டர் மட்டும் எடுத்துப் புகைபோக்கியின் கீழ் நீர்த்த அசெட்டிக் அமிலம் விட்டு, பொட்டாசியம் அயோடைடும் ஸ்டார்ச்சும் சேருங்கள். நீலம் வந்தால் இருக்கிறது. செல்லில் உள்ள மொத்தக் கரைசலிலும் அமிலத்தை ஊற்றிவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். கண் எரிச்சலோ மூச்சுத்திணறலோ வந்தால் ஆய்வகப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு நேராக மருத்துவரிடம் போக வேண்டும்.

## அறிகுறி 7: நீண்ட ஓட்டத்தில் மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது

கரைசல் மட்டத்தைப் பாருங்கள். நீர் ஆவியாகி, எலக்ட்ரோடின் மேல்பாதி வெளியே வந்திருக்கும். அயனி நீக்கிய நீரை மட்டும் ஊற்றிப் பழைய கோட்டுக்குக் கொண்டுவாருங்கள், கேஓஎச் அல்ல. அந்த நீரில் ஒரு துளி சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள். வெண்மையாகக் கலங்கினால் குளோரைடு இருக்கிறது, ரெசின் தீர்ந்துவிட்டது. நம் ஆழ்துளைக் கிணற்று நீரில் ரெசின் வேகமாகத் தீரும்.

பிறகு மின்வெட்டு. மின்சாரம் போய் வந்த இடங்களில் வளைவில் படி விழுந்திருந்தால், அந்த இடைவெளியில் எலக்ட்ரோடுகள் திரும்ப வேதிமாற்றம் அடைந்திருக்கும். யூபிஎஸ் இல்லாமல் நூறு மணிநேர ஓட்டத்தைத் தொடங்க வேண்டாம். உப்பும் மணலும் வருகிறது என்று சன்னலை அடைத்த அறையில் இரவு முழுக்க ஓட்டுவதாக இருந்தால், ஹைட்ரஜனுக்குக் குழாய் போட்டு வெளியே விடுங்கள். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும்.

இவை எல்லாம் சரி, புதிய கரைசலில் புதிய கிளிப்போடு மறுபடி தொடங்கியும் பழைய மின்னழுத்தத்துக்கு இறங்கவில்லை என்றால், வினையூக்கியே தேய்ந்திருக்கிறது. எலக்ட்ரோடை அலசி, காய வைத்து, எத்தனை மணிநேரம் எந்த மின்னோட்டத்தில் ஓடியது என்று எழுதிய உறையில் காற்றுப்புகாமல் வைத்து, ஓட்டாத இன்னொன்றோடு சேர்த்து நுண்ணோக்கிச் சோதனைக்கு அனுப்புங்கள். இரண்டும் ஒன்றாகப் போனால்தான் ஒப்பிட முடியும்.